நடுச்சுவரும் நாலு கேமராவும்

போன மாசி மாசம் ஒரு ராத்திரி எங்க போர் மோட்டார் ஒயரை அத்துட்டுப் போயிட்டானுங்க. ஒத்தக்கடையில இருந்து நரசிங்கம் போற பக்கம், யானைமலை அடிவாரத்துல தோட்டம் வச்சிருக்கிற யாருக்கும் இது புதுசு இல்ல, காப்பர் விக்கிற விலைக்கு ஒயரை விட்டுட்டுப் போனாத்தான் ஆச்சரியம். ஆனா எங்களுக்கு ஒரு தெம்பு இருந்துச்சு, மோட்டார் ரூம் மேல கேமரா இருக்கே, எவன்னு பாத்துருவோம்னு. வெள்ளனே போயி பாத்தா கேமராவும் இல்ல. மெமரி கார்டு எங்கன்னு கேப்பீங்க, அது கேமராவுக்குள்ளதான் இருந்துச்சு. திருடன் அவன் படத்தையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு ஆரம்பிச்ச சோலிதான் இது. கேமராவுல பதிவாகுறது கேமராவுக்குள்ள இருக்கக் கூடாது, வீட்டுக்குள்ள பூட்டுன அலமாரியில இருக்கணும். எங்கிட்ட ஏற்கனவே ஒரு நாஸ் பெட்டி இருக்கு, வீட்டு நெட்ல சொருகி ஃபைலெல்லாம் சேத்து வைக்கிறது, ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டது, போட்டோ, மில்லு கணக்கோட காப்பி, அப்பாவோட பத்திர ஸ்கேன் எல்லாம் அதுலதான். (நான் ஒரு பஞ்சு மில்லுல கணக்கு பாக்குறேன், நெட்வொர்க் படிச்சவ எல்லாம் கிடையாது, ராத்திரி ராத்திரியா உக்காந்து நோண்டிக் கத்துக்கிட்டதுதான்.) நாஸுக்குக் கேமராவைச் சேத்து விட்டா முடிஞ்சுச்சு, அரை நாள் வேலைன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆச்சு.

காரணம் கேமரா எங்க நெட்ல இல்ல. பெரியப்பா நெட்ல இருந்துச்சு.

எங்க வீட்டு அமைப்பை கொஞ்சம் சொல்லணும். தாத்தா இடம், 2009ல பாகம் பிரிச்சாங்க, நடுவுல ஒரு சுவர். அங்கிட்டு பெரியப்பா வீடு, இங்கிட்டு நாங்க. கிணறும் போரும் மோட்டார் ரூமும் பொது. சுவர்ல ஒரு சின்னக் கதவு, அதுக்குத் தாழ்ப்பாள் எங்க பக்கம் மட்டும்தான், ஏன்னா அப்பத்தா எங்களோட இருந்துச்சு, "நான் நெனச்சப்ப மூத்தவன் வீட்டுக்குப் போவேன், அவுக நெனச்சப்ப எல்லாம் வரக்கூடாது"ன்னு அதுவே கொத்தனார்கிட்ட நின்னு போட்டுக்கிச்சு. அப்பத்தா போயி அஞ்சு வருசம் ஆச்சு, தாழ்ப்பாள் அப்படியேதான் இருக்கு. இந்தத் தாழ்ப்பாளை மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி ஃபைபர் கனெக்‌ஷன், தனித்தனி ரவுட்டர். கேமரா போட்ட தம்பி பெரியப்பா வீட்டுத் திண்ணையில பல நெட் ஒயரை ஒண்ணா சேக்குற ஸ்விட்ச் பெட்டியை வச்சு நாலு கேமராவையும் அங்கிருந்து இழுத்து அவங்க ரவுட்டர்ல சொருகிட்டுப் போயிட்டாப்ல. நாஸ் எங்க வீட்டுல. நடுவுல சுவர்.

நான் பண்ண முதல் காரியம், இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு, ஒரு நீள லேன் கேபிளை வாங்கி சுவர் மேல போட்டு, ஒரு முனையை அவங்க ரவுட்டர்லயும் இன்னொரு முனையை எங்க ரவுட்டர்லயும் சொருகுனேன். ரெண்டு வாய்க்காலை வெட்டி விட்டா தண்ணி ஓடுற மாதிரி நெட்டும் ஓடும்னு ஒரு நெனப்பு. அன்னைக்குன்னு பாத்து மீனாட்சி திருக்கல்யாணம். லீவுங்கிறதாலதான் நான் இதுல உக்காந்ததே. பெரியம்மா வருசா வருசம் கோயிலுக்கே போயிரும், முழங்கால் வலின்னு இந்தத் தடவ வீட்டுலயே டிவி முன்னாடி மஞ்சக் கயிறு, குங்குமம், பூவோட உக்காந்திருக்கு, சாமி கழுத்துல தாலி ஏறுறப்ப இதுவும் கயிறு மாத்தணும். டிவி பொட்டி ஓடுறதும் ஃபைபர் நெட்லதான். நான் சொருகி அஞ்சு நிமிசத்துல படம் அப்படியே நின்னுருச்சு. பட்டர் கைய தூக்குனபடி நிக்கிறாரு. அங்கிட்டிருந்து "ஏத்தா, என்னத்தடி பண்ணித் தொலைச்ச"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, யானைமலையில பட்டுத் திரும்பி வந்துச்சு.

கேபிளைப் புடுங்கி ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணி படம் வர்றதுக்குள்ள தாலி ஏறி முடிஞ்சு போச்சு. பெரியம்மா மறு ஒளிபரப்புல கயிறு மாத்திக்கிச்சு. இன்னும் சொல்லிக் காட்டும்.

என்ன நடந்துச்சுன்னு பொறவு உக்காந்து படிச்சேன். ரெண்டு ரவுட்டரும் கடையில இருந்து வர்றப்பவே ஒரே அட்ரஸோட வந்திருக்கு, 192.168.1.1. 192.168ன்னு ஆரம்பிக்கிற நம்பரெல்லாம் வீட்டுக்குள்ள பொழங்குறதுக்குன்னு 1994லயே ஒதுக்கி வச்சது, யார் வேணா எடுத்துக்கலாம், அதனால பாதி ஊர் ரவுட்டரு இதே நம்பர்தான். ரெண்டு ரவுட்டரும் தன் வீட்டு போனுக்கு, டிவிக்கு நம்பர் குடுக்குற வேலையும் பாக்குது, அதுக்குப் பேரு டிஹெச்சிபி. நான் ரெண்டையும் ஒட்ட வச்சதும் ஒரே தெருவுல ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு, ரெண்டு பேரும் நாட்டாமை. எங்க போனுக்கு அவங்க ரவுட்டர் நம்பர் குடுக்குது, அவங்க டிவிக்கு எங்க ரவுட்டர் குடுக்குது, 1.1 யாருன்னு கேட்டா ரெண்டும் கையத் தூக்குது.

மதுரக்காரங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமான கணக்கு இல்ல. கோயிலைச் சுத்தி சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அதைச் சுத்தி மாசி வீதி, அதுக்கும் வெளிய வெளி வீதி, ஒவ்வொண்ணுலயும் கீழ, மேல, வடக்கு, தெற்குன்னு நாலு. பன்னெண்டாம் நம்பர் வீடுன்னு மட்டும் எழுதி லெட்டர் போட்டா தபால்காரர் என்ன பண்ணுவாரு. மேல மாசி வீதி 12 வேற, மேல ஆவணி மூல வீதி 12 வேற. 192.168.1.1 மாதிரி அட்ரஸுக்குப் பேரு ஐபி நம்பர், அதுல முன்னாடி வர்ற மூணு துண்டு தெருப் பேரு, கடைசித் துண்டு கதவு நம்பர். (எல்லா நெட்லயும் மூணு துண்டுன்னு கட்டாயம் இல்ல, வீட்டு நெட்ல பெரும்பாலும் அப்படித்தான்.) ஒரே தெருவுக்குள்ளன்னா வாசல்ல நின்னு கத்துனா கேக்கும். அடுத்த தெருவுக்குன்னா முக்குக்குப் போகணும், முக்குல நிக்கிற ஆளுதான் ரவுட்டர். ரெண்டு தெருவுக்கும் ஒரே பேரு வச்சா முக்குல நிக்கிறவன் பைத்தியமாகிருவான், அவ்வளவுதான் விசயம்.

கேமரா தம்பி வந்து பாத்துட்டு, "அக்கா, எதுக்கு ரெண்டு கனெக்‌ஷன், ஒண்ணை கட் பண்ணிட்டு ஒரே நெட்டா ஆக்கிருங்க, நாஸு தானா கேமராவ கண்டுபுடிச்சுக்கும்"னாப்ல. சுலபம்தான். ஆனா எனக்கு அதுல ரெண்டு சிக்கல். ஒண்ணு, பாகம் பிரிச்ச குடும்பத்துல நெட்டை மட்டும் சேத்து வைக்கிறது, யாரு பில்லு கட்டுறது, யாரு பையன் ராத்திரி ரெண்டு மணி வரை கேம் ஆடி ஸ்பீடைத் திங்கிறான்னு ஒரு வருசத்துல இன்னொரு சுவர் எழும்பும். ரெண்டாவதுதான் பெருசு. கேமரா கேபிள் எங்க ஓடுது? வீட்டுக்கு வெளிய, சுவருக்கு வெளிய, மோட்டார் ரூம் ஓட்டு மேல. கேமராவையே கழட்டிட்டுப் போனவன், அந்த ஒயர் முனையை ஒரு லேப்டாப்ல சொருகுனான்னா அவன் என் நெட்டுக்குள்ள உக்காந்திருக்கான். ஒரே நெட்டா இருந்தா, என் நாஸும், மில்லு கணக்கும், பத்திரமும் அவனுக்கு பக்கத்து வீடு.

அட அவ்வளவு வெவரமான திருடன் நரசிங்கத்துல ஏதுன்னு அப்பா சிரிச்சாரு. திருடன் நேர்ல வரவே வேண்டாம்ப்பான்னு சொன்னேன். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் வந்துச்சு, அது கம்ப்யூட்டரை விட்டுட்டு கேமரா, அதோட பதிவுப் பெட்டியான டிவிஆர், ரவுட்டர் இதுகளைத்தான் தேடித் தேடிப் புடிச்சுச்சு. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, கம்பெனிக்காரன் வச்சு அனுப்புற அட்மின், 12345 மாதிரி அறுபது சொச்சம் பாஸ்வேர்டை வரிசையா அடிச்சுப் பாக்கும், எது தொறக்குதோ உள்ள போயிரும். அப்படிச் சேத்த கூட்டத்தை வச்சு அந்த வருசம் அக்டோபர் 21ம் தேதி டைன்ங்கிற ஒரு கம்பெனியை அடிச்சாங்க, வெப்சைட் பேரை நம்பரா மாத்திக் குடுக்குற கம்பெனி அது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல பல பேருக்கு மணிக்கணக்கா வரல. அதை எழுதுனது சின்னப் பசங்க, மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தகராறுல ஆரம்பிச்சதுன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. நம்ம திண்ணையில தொங்குற கேமராவும் ஒரு கம்ப்யூட்டர்தான், கண்ணு வச்ச கம்ப்யூட்டர். அதுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல அப்டேட் வந்தா அதிசயம். அதை பத்திரத்துக்குப் பக்கத்துல படுக்க வைக்க எனக்கு மனசு வரல.

ஆக, மூணாவதா ஒரு தெரு போட்டேன். கேமராக்களுக்குன்னே தனித் தெரு, 10.20.30ன்னு ஆரம்பிக்கும். டவுன் ஹால் ரோட்டுல ஏறி இறங்கி ஒரு சின்ன ரவுட்டர் வாங்குனேன், கம்பெனிக்காரன் குடுக்குற மொட்டை ரவுட்டர் மாதிரி இல்லாம ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனி நெட்டா பிரிக்கலாம், நடுவுல யாரு யாரைக் கூப்பிடலாம்னு நாமளே எழுதலாம். மைக்ரோடிக்னு கம்பெனி பேரைச் சொன்னாலே எடுத்துக் குடுப்பாங்க, இல்லாட்டி ஓபன்-வார்ட்ங்கிற சாஃப்ட்வேர் ஏத்துன பழைய ரவுட்டரே போதும். அதுக்கு மூணு காலு. ஒரு காலு எங்க வீட்டு நெட்ல, ஒரு காலு கேமரா நெட்ல, ஒரு காலு பெரியப்பா வீட்டு நெட்ல. அதுக்கு முன்னாடி எங்க வீட்டு நெட்டை 192.168.50ன்னு மாத்திட்டேன். பெரியப்பா வீட்டைத் தொடவே இல்ல, திருக்கல்யாண சமாச்சாரத்துக்கப்பறம் அவங்க ரவுட்டர் பக்கம் போக எனக்கு அனுமதி இல்ல.

சுவரைத் தாண்டுற ஒயர் ஒண்ணுதான், ஆனா அதுல ரெண்டு நெட்டு வரணும், கேமராவோடதும் பெரியப்பா வீட்டோடதும். இதுக்குத்தான் வி-லேன். நெட்ல தகவல் சின்னச் சின்னத் துண்டா, பாக்கெட்டாத்தான் ஓடும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு நம்பர் கட்டி விடுறது, அலங்காநல்லூர்ல மாட்டுக்கு டோக்கன் குடுத்து விடுற மாதிரி, அந்தப் பக்கம் வந்ததும் நம்பரைப் பாத்து இது எந்தக் கொட்டாய்னு பிரிச்சுக்கும். 4094 நம்பர் வரை போடலாம், எனக்கு ரெண்டு போதும். இதுக்குத் திண்ணையில இருந்த சாதா ஸ்விட்ச்ச மாத்தி, செட்டிங் பண்ற ஸ்விட்ச் வாங்க வேண்டியதாப் போச்சு, கேமராவுக்கு லேன் ஒயர்லயே கரண்ட்டும் குடுக்குற வகை.

இப்பத்தான் அந்தத் தாழ்ப்பாள் விசயம் வருது. எனக்கு இதுல கெடச்ச ஒரே ஞானம்னா இதுதான், இதைப் புரிஞ்சுக்கத்தான் மூணு மாசத்துல ரெண்டு மாசம் போச்சு.

படத்தை நாஸுக்குக் கொண்டு வர ரெண்டு வழி. கேமராவே படத்தை எடுத்துக்கிட்டு வந்து நாஸ்ல போடுறது ஒண்ணு, ஃபைலை அனுப்புற முறை அது, எஃப்டிபி, இல்ல எஸ்எம்பின்னு கேமரா செட்டிங்ல இருக்கும். நாஸ் போயி கேமராகிட்ட கேட்டு வாங்கிக்கிறது இன்னொண்ணு, அதுக்கு ஆர்டிஎஸ்பின்னு பேரு, 1998ல இருந்து இருக்கு, 554ங்கிற போர்ட்ல ஓடும் (ஒயர் சொருகுற போர்ட் இல்ல, ஒவ்வொரு சோலிக்கும் ஒரு வாசல் நம்பர்). பாக்க ரெண்டும் ஒண்ணுதான், படம் வந்து சேந்தா சரி. நானும் முதல்ல எஸ்எம்பி வழிதான் போட்டேன், நாஸ்ல ஒரு ஃபோல்டர் தொறந்து கேமராவுக்கு யூசர் பாஸ்வேர்டு குடுத்து. என் கேமரா பழசு, அதுக்கு எஸ்எம்பியோட முதல் வெர்ஷன் மட்டும்தான் தெரியும், 2017ல வான்னாக்ரைங்கிற வைரஸ் ஊரெல்லாம் பரவுச்சே, அந்த வெர்ஷன்ல இருந்த ஓட்டை வழியாத்தான். நாஸ்ல அது ஆஃப்ல கெடந்துச்சு, நான் மண்டத்தனமா ஆன் பண்ணேன், கேமரா தெருவுல இருந்து எங்க தெருவுக்குக் கதவையும் தொறந்து விட்டேன். படம் வந்துச்சு, சந்தோசம். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி படுத்திருக்கையில தோணுச்சு, மூணு தெரு போட்டு, ஸ்விட்ச் மாத்தி, இவ்வளவு செலவழிச்சு, கடைசியில மோட்டார் ரூம்ல நிக்கிறவன் நாஸ் கதவைத் தட்டலாம்னு நானே எழுதி வச்சிருக்கேன்.

அப்பத்தா கதவைத் தொறந்து "ஏய் மூத்தவளே, என்னடி கொழம்பு"ன்னு கேட்டா கிண்ணத்துல கொழம்பு வரும். கிண்ணம் வர்றதுக்குக் கதவு தொறந்துதான் இருக்கு, ஆனா தொறந்தது அப்பத்தா. அங்கிட்டிருந்து அவங்களா வந்து தட்டுனா, அதுக்குக் காது கேக்காது. ரவுட்டர்ல காவல் நிக்கிற ஃபயர்வாலும் அதே சோலியத்தான் பாக்குது. உள்ள இருந்து யாரு முதல்ல கூப்பிட்டதுன்னு ஞாபகம் வச்சுக்கும், கூப்பிட்டதுக்கு வர்ற பதிலை விடும், தானா வர்றதை விடாது. ஆக நாஸ் கேமராவைக் கூப்பிடணும். கேமரா யாரையும் கூப்பிடக் கூடாது. எழுதுன சட்டம் மொத்தம் மூணு வரிதான்: நாஸ்ல இருந்து கேமரா தெருவுக்கு 554 மட்டும் போகலாம், கூப்பிட்டதுக்குப் பதில் வரலாம், கேமரா தெருவுல இருந்து வேற எங்கயும், இன்டர்நெட் உட்பட, எதுவும் போகக் கூடாது. எஸ்எம்பி பழைய வெர்ஷனை ஆஃப் பண்ணி ஃபோல்டரையும் அழிச்சேன். நாஸ்ல ரெண்டு லேன் போர்ட் இருக்கு, ரெண்டாவதை நேரா கேமரா ஸ்விட்ச்ல சொருகிட்டா ரவுட்டரே வேண்டாமேன்னு கேட்ட ஆளு உண்டு. சொருகலாம், நெறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க. ஆனா அப்ப நாஸ் கேமரா தெருவுலயே ஒரு வாசல் வச்ச வீடாகிருது, அந்த வாசலை நாஸ்லயே பூட்டத் தெரியணும்.

சட்டம் எழுதி முடிச்சா படம் வரணும்ல, வரல. இங்கதான் சின்னச் சின்னதா உசுர எடுத்துச்சு.

முதல்ல நாஸ் "கேமரா ஒண்ணும் இல்ல"ன்னுருச்சு. ஆன்விஃப்னு ஒரு பொது ஒப்பந்தம் இருக்கு, ஆக்ஸிஸ், போஷ், சோனி மூணு பேரும் சேந்து 2008ல ஆரம்பிச்சது, எந்தக் கம்பெனி கேமராவும் எந்தக் கம்பெனி பெட்டியோடயும் பேசறதுக்கு. அதுல கேமராவைத் தேடுறது எப்படின்னா தெருவுல நின்னு "யாரெல்லாம் இருக்கீங்க"ன்னு கத்துறது. கத்துறது அடுத்த தெருவுக்குக் கேக்காது, முக்குல நிக்கிற ரவுட்டர் அதை அங்கிட்டு கடத்தாது. தேடு பட்டனை நூறு தடவ அமுக்குனாலும் வராது, கேமரா ஐபியைக் கையால அடிச்சுத்தான் சேக்கணும். அதுக்கு கேமராக்களுக்கு நெலையான நம்பர் வேணும், நாளைக்கு ஒண்ணு நாளன்னைக்கு ஒண்ணுன்னு மாறக் கூடாது.

கையால அடிச்சும் வரல. நாஸுக்கு 10.20.30 தெரு எங்க இருக்குன்னே தெரியல, தெரியாத தெருவுன்னா அது நேரா ஃபைபர் கம்பெனி ரவுட்டர்கிட்ட அனுப்புது, அதுக்கும் தெரியாது, தூக்கிப் போட்டுருது. அந்த ரவுட்டர்ல வழி எழுதலாம்னா அந்தப் பக்கத்தை கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான், போன் பண்ணி ரெண்டு நாள் கேட்டும் "அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல மேடம்". நாஸ் செட்டிங்லயே எழுதிட்டேன், 10.20.30க்குப் போகணும்னா சின்ன ரவுட்டர்கிட்ட போன்னு. அதோட பெரியப்பா தெருவுக்கும் ஒரு வழி எழுதுனேன், 192.168.1 இப்ப அவங்க வீடு மட்டும்தான்ங்கிறதால.

அடுத்தது பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது. கேமரா பக்கத்துக்கு நேரா போனா அதே பாஸ்வேர்டு தொறக்குது, நாஸ்ல தொறக்கல. ஒரு ராத்திரி முழுக்க. பாஸ்வேர்டுல நான் அட் குறி ஒண்ணு வச்சிருந்தேன், ஆர்டிஎஸ்பி அட்ரஸ்ல பாஸ்வேர்டுக்கும் ஐபிக்கும் நடுவுல வர்றதும் அதே அட் குறி. அது எங்க வெட்டுறதுன்னு தெரியாம முழிச்சிருக்கு. அந்தக் குறிக்குப் பதிலா %40னு போடணுமாம். நான் பாஸ்வேர்டையே மாத்திட்டேன். உங்க கேமராவுக்கு நீளமா வைங்க, அட் குறி மட்டும் வேணாம்.

அப்பறம் கனெக்டட்னு பச்சை லைட் எரியுது, படம் கறுப்பு. இது ரொம்ப மோசமான வகை, ஏன்னா எல்லாம் சரின்னு சொல்லிக்கிட்டே ஒண்ணும் தராது. ஆர்டிஎஸ்பிங்கிறது பேச்சுவார்த்தை மட்டும்தான், "படம் குடு", "நிறுத்து"ன்னு சொல்றது 554ல. படம் வர்றது வேற வழியா, யூடிபிங்கிற அனுப்புற முறையில, வேற வேற போர்ட்ல. பேச்சுவார்த்தையை என் ஃபயர்வால் விட்டுச்சு, படத்தை நிறுத்திருச்சு. நாஸ்ல கேமரா செட்டிங்ல யூடிபிங்கிறதை டிசிபின்னு மாத்துனேன், அப்ப படமும் அதே 554 குழாய்க்குள்ளயே வரும். மாத்துன அடுத்த செகண்டு மோட்டார் ரூம் வாசல்ல எங்க கறுப்பு நாய் படுத்திருக்கிறது தெரிஞ்சுச்சு. மணி ரெண்டே கால். கத்தணும்போல இருந்துச்சு, யாரை எழுப்புறது. (இந்த மாதிரி சோதிக்க வி.எல்.சி பிளேயர் போதும், நெட்வொர்க் ஸ்ட்ரீம்ல அட்ரஸைக் குடுத்தா அதுவே போயி எடுக்கும், நாஸைக் கட்டி அழ வேண்டாம்.)

இடம் எவ்வளவு வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க, கணக்குப்புள்ளைக்கு இது கை வந்த கணக்கு. ஒரு கேமரா செகண்டுக்கு 4 மெகாபிட், எட்டால வகுத்தா அரை மெகாபைட், மணிக்கு 1.8 ஜிபி, நாளைக்கு 43 ஜிபி சொச்சம். நாலு கேமராவுக்கு 173. எங்க 4 டிபி டிஸ்க்ல 23 நாள் நிக்கும், அப்பறம் பழசை அழிச்சு புதுசு. ரெண்டு டிஸ்க் இருந்தாலும் ஒண்ணு இன்னொண்ணுக்கு நகல், அதனால 4தான் கணக்கு. படத்தைச் சுருக்குற முறையை ஹெச்.265ன்னு மாத்துனா கிட்டத்தட்ட பாதி, நாளு ரெண்டு மடங்கு. எனக்கு 23 நாளே தாராளம், திருட்டுப் போனது நாலாம் நாள் தெரியாட்டி அது திருட்டே இல்ல.

இன்டர்நெட்டை வெட்டுனதுல ஒண்ணு கோட்டை விட்டேன். ஒரு நாள் கரண்ட் போயி வந்துச்சு, அன்னைக்குப் பதிவைத் தேடுனா மேல ஓரத்துல 1970 ஜனவரி 1, காலையில 5:30ன்னு ஓடுது. கேமராவுக்குள்ள கடிகாரத்துக்கு பேட்டரி இல்ல, முழிச்சதும் இன்டர்நெட்ல டைம் கேக்கும், அதைத்தான் நான் அடைச்சுட்டேனே. இந்த மாதிரி கம்ப்யூட்டருக்கெல்லாம் காலம் பொறந்தது 1970 ஜனவரி 1 கிரீன்விச் கணக்குல நடு ராத்திரி, நம்ம ஊருக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டுனா காலையில அஞ்சரை. நாளைக்கு ஸ்டேஷன்ல இதைக் கொண்டு போயி குடுத்தா, நான் பொறக்கிறதுக்கு முன்னாடி நடந்த திருட்டாம்மான்னு கேப்பாங்க. சின்ன ரவுட்டரையே டைம் சொல்ற ஆளா ஆக்கி, கேமராவெல்லாம் அதுகிட்ட கேட்டுக்கன்னு வச்சேன்.

வைகாசி பொறக்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, அக்னி நட்சத்திரத்துல ஒரு கோடை மழை. மழை பத்து நிமிசம், இடி அரை மணி நேரம். மறுநாள் பாத்தா சின்ன ரவுட்டர்ல ஒரு போர்ட் செத்துக் கெடக்கு, சுவரைத் தாண்டி வந்த ஒயர் சொருகுன போர்ட். இடி நேரா விழணும்னு இல்ல, பக்கத்துல விழுந்தாலே அவ்வளவு நீளக் காப்பர் ஒயர்ல வேகமா கரண்ட் ஏறும், அதுலயும் ரெண்டு வீட்டுக்கும் தனித்தனி ஈபி சர்வீஸ், தனித்தனி எர்த்து, ரெண்டையும் ஒரு காப்பர் ஒயரால இணைச்சதே தப்பு. இப்ப சுவரைத் தாண்டுறது ஃபைபர், ரெண்டு முனையிலயும் லேன் ஒயருக்கு மாத்துற ஒரு சின்ன டப்பா. கண்ணாடி நாரு, அதுல இடி ஏறாது. இதை முதல்லயே பண்ணியிருந்தா ஒரு ரவுட்டர் காசு மிச்சம். திருடனுக்கும் அதுல காப்பர் கெடைக்காது.

எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் பெரியப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. கதவு வழியா வரல, தெருவைச் சுத்தி வந்து வாசல்ல நின்னாரு, அப்பவே தெரிஞ்சுச்சு ஏதோ இருக்குன்னு.

"ஏத்தா, எங்க வாசல்ல யாரு வாரா யாரு போறான்னு இப்ப ஒங்க வீட்டுலதான் பதிவாகுதாமே?"

"ஆமா பெரியப்பா, பொட்டி இங்கதான இருக்கு."

"அப்ப எங்க வீட்டு வாசல் ஒங்க பொட்டிக்குள்ள."

நான் மூணு மாசமா கேமரா என்னைப் பாத்துரக் கூடாது, கேமரா என் நாஸைத் தொட்டுரக் கூடாதுன்னு வரி வரியா சட்டம் எழுதுனேன். நாஸ்ல இருந்து கேமராவைப் பாக்குற என்னை யாரு பாக்குறதுன்னு எழுதவே இல்ல. அவரு சொன்னது நியாயம். அவரோட தம்பி வீட்டுல, பூட்டுன அலமாரியில, அவரு வீட்டுக்கு சம்பந்தம் பேச வந்தவங்க செருப்புல இருந்து எல்லாம் 23 நாளைக்கு.

அன்னைக்கு சாயங்காலமே அவரையும் தம்பியையும், பெரியப்பா மகனைத்தான், உக்கார வச்சு மாத்துனேன். அவங்க வாசல் கதவு தெரியிற பகுதியைக் கேமராவுலயே கறுப்புப் பட்டை போட்டு மறைச்சாச்சு, நாஸ்ல மறைச்சா நான் எடுத்துக்கலாம், கேமராவுல மறைச்சா அந்த இடம் பதிவே ஆகாது. கேமரா அட்மின் பாஸ்வேர்டு இப்ப தம்பிகிட்ட, எங்கிட்ட படம் பாக்குற யூசர் மட்டும்தான். பதிலுக்கு ரவுட்டரோட மூணாவது காலுல ஒரே ஒரு போர்ட்டைத் தொறந்தேன், பெரியப்பா வீட்டு டிவியில இருந்து அந்த நம்பரைத் தட்டுனா நாஸோட கேமரா பக்கம் மட்டும் வரும், ஃபோட்டோ, கணக்கு, பத்திரம் ஒண்ணும் தெரியாது. அழிக்க முடியாது, பாக்கலாம். அப்பத்தா தாழ்ப்பாளுக்கு மாறா அங்கிட்டிருந்து தட்டுற மாதிரி நான் விட்ட ஒரே கதவு அதுதான்.

கோயம்புத்தூர்ல இருக்கிற அக்கா அங்கிருந்து பாக்கணும்னுச்சு. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு போட்டு இன்டர்நெட் பக்கம் கதவைத் தொறந்து விடுறதெல்லாம் நான் பண்ண மாட்டேன், பண்ணாலும் நடக்காது, எங்க ஃபைபர்ல நமக்குன்னு தனி ஐபி கெடையாது, 100.64ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர் குடுத்து ஒரு ஐபியையே ஒரு கூட்டத்துக்குப் பங்கு போட்டு விடுறாங்க. டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப் இருக்கு, நம்ம பெட்டியையும் போனையும் மட்டும் இன்டர்நெட் வழியா தனியா இணைக்கிறது, அதை நாஸ்லயும் அக்கா போன்லயும் போட்டேன், பத்து நிமிசம். இந்த மொத்த வேலையில என்னை அழ வைக்காதது அது ஒண்ணுதான்.

திருடன் திரும்ப வரல. இதுவரைக்கும் பெட்டியில இருந்து யாராச்சும் எடுத்துக் கேட்ட பதிவு ஒண்ணே ஒண்ணுதான். போன வாரம் காலையில மோட்டார் ரூம் கேமரா முன்னாடி மலையில இருந்து எறங்குன மயிலு ஒண்ணு வந்து, கண்ணாடியில தன்னையே பாத்துக்கிட்டு, வேற மயிலுன்னு நெனச்சு அஞ்சு நிமிசம் கொத்தியிருக்கு. பெரியப்பா டிவியில பாத்துட்டு வந்தாரு, இந்தத் தடவ நடுக்கதவைத் தட்டுனாரு. பேத்திக்கு அனுப்பணுமாம், எடுத்துத் தா ஆத்தான்னாரு. தேதி, நேரம் எல்லாம் சரியா இருந்துச்சு, 1970 இல்ல.